கண்ணின் பாலாடை

வெல்டிங் வேலை செய்பவனுக்குக் கண் போவதில் என்ன ஆச்சரியம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண் அவ்வளவு சுலபத்தில் போய்விடாது. என் கண் எத்தனையோ தடவை வெந்திருக்கிறது, எத்தனையோ தடவை தானாகவே ஆறியிருக்கிறது. போனது ஒரே தடவைதான். அதுவும் நெருப்பால் போகவில்லை.

நான் வேலை செய்வது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரமாக ஒரு தகரக் கூரைப் பட்டறையில். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகிற டிரெய்லர்களுக்கு அடிச்சட்டத்தில் விரிசல் விடும். அதற்கு இரும்புப் பட்டை வைத்து ஒட்டுவது எங்கள் பிழைப்பு. ஒட்டுவதற்கு முன்னால் பட்டை நகராமல் இருக்க அங்கங்கே பொட்டு வைக்கவேண்டும். டேக் அடிப்பது என்போம். இடக்கையில் பட்டை, வலக்கையில் வெல்டிங் ராடைக் கவ்விப் பிடிக்கிற ஹோல்டர். முகத்துக்கு மறைப்பாகப் பிடிக்கிற கறுப்புக் கண்ணாடியை எந்தக் கையால் பிடிப்பது? தலையில் மாட்டுகிற முகமூடியும் பட்டறையில் உண்டு. சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே அதை ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் புத்தி சொல்ல வரட்டும். ஆகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தட்டுவோம். மூடுவதற்குள் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போய்விடும்.

அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். இமைக்குள் யாரோ காசிமேட்டு மணலை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும். கண்ணைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. தண்ணீராகக் கொட்டும். பெரிய ஆம்பிளை என்று பார்க்காமல் வாய்விட்டு அழுதிருக்கிறேன். ஆர்க் அடித்துவிட்டது என்று இதற்குப் பெயர். வடசென்னையில் எந்த வெல்டரைக் கேட்டாலும் தெரியும். இதற்கு மருந்தும் எல்லாருக்கும் தெரியும். தாய்ப்பால்.

எங்கள் ராயபுரத்துச் சந்தில் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். ஆம்பிளை போகக்கூடாது, பொம்பிளைதான் போய்க் கேட்கவேண்டும். "மருந்துக்குப் பால்" என்று சொன்னால் போதும், யாருக்கு, எதற்கு என்று விவரம் கேட்கமாட்டார்கள். மாதா கோயிலுக்குப் போகிற வீடு, மசூதிக்குப் போகிற வீடு என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. இல்லை என்று சொன்ன பெண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை. உள்ளே போய், குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையில் கொஞ்சம் பீய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கண்ணில் விட்டதும் குளுகுளுவென்று இருக்கும். ஒன்றிரண்டு நாளில் கண் தெளிந்து வேலைக்குப் போய்விடுவேன்.

இரண்டு பிரசவமும் முடிந்து என் மனைவிக்குப் பால் வற்றிய பிறகு, சந்தில் வேறு வேறு வீடுகளில் இருந்து வாங்கியிருக்கிறோம். கடைசியாகக் கொடுத்தவள் எதிர் வீட்டுப் பெண். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தண்டையார்பேட்டையில் இருந்து வந்தவள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. வந்த புதிதிலேயே என்னை அண்ணன் முறை வைத்துவிட்டாள். நோன்பு வந்தால் முதல் தூக்குக் கஞ்சி எங்கள் வீட்டுக்குத்தான். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது நான்தான் தொட்டிலுக்குக் கம்பி வளைத்து, கொக்கி ஒட்டிக் கொடுத்தேன்.

கண் போன கதைக்கு வருகிறேன். அன்று வெயில் இறங்குகிற நேரம். ஒட்டு போட்ட இடத்தில் படிந்திருந்த கசடைச் சுத்தியால் கொத்திக்கொண்டிருந்தேன். ஒரு செதில் தெறித்து வலது கண்ணில் விழுந்தது. பக்கத்தில் இருந்த என் தோஸ்து, நெட்டுக்குப்பத்துக்காரன், கர்சீப் நுனியைத் திரித்து எச்சில் தொட்டு அதை எடுத்துவிட்டான். எடுத்ததும் நிம்மதியாக இருந்தது. மிச்சம் இருந்த டேக்கையும் அடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல மணல் கொட்டியது. வழக்கம்போல மனைவி எதிர் வீட்டுக்குப் போய்ப் பாலாடையோடு வந்தாள். மறுநாள் இடது கண் தெளிந்துவிட்டது. வலது கண் தெளியவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டால் சரியாகும் என்று மறுபடி வாங்கி விட்டோம். அதற்கு மறுநாள் மனைவி என் இமையை விலக்கிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாயா இது, கருப்பு முழி மேல வெள்ளையா இன்னாமோ கீதே."

சர்க்கார் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளவயசு டாக்டரம்மா. கண்ணில் ஏதோ சொட்டு விட்டு, நீல விளக்கில் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய பேச்சு குறைந்துகொண்டே போனது.

"கண்ணுல என்ன விட்டீங்க?" என்றார்.

"ஒண்ணியும் வுடலம்மா. தண்ணிதான்" என்றேன். சந்தில் ஒரு பெண் தந்ததை ஆஸ்பத்திரியில் சொல்லி, அதை அவர் சீட்டில் எழுதி, அவள் காதுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என் மனைவியும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். "நான் சொல்றத நல்லா கேளுங்க. கருவிழிமேல ஒரு பாலாடை இருக்கு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாலாடைய யாரும்மா உங்ககிட்ட சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். மனைவி என் விலாவில் இடித்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னது காய்ச்சின பாலின்மேல் படிகிற ஏட்டை. எனக்குப் பாலாடை என்றால் மூக்கு வைத்த கிண்ணம் ஒன்றுதான். எங்கள் வீட்டில் பால் ஆறி ஏடு படிகிற அளவுக்கு யார் விட்டுவைக்கிறார்கள்? அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "தாய்ப்பால் விட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டினேன்.

அன்று அவர் சொன்னதை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். கருவிழிக்கு மேலே, பாலேட்டை விட மெல்லியதாக ஒரு தோல் இருக்கிறது. அதில் ரத்தக்குழாய் கிடையாது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கவேண்டும் என்பதால் அப்படி. வெல்டிங் வெளிச்சம் அந்தத் தோலை வேகவைத்துவிடும். வெந்தது உதிர்ந்துபோகும். கருப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரத்தில் இருந்து புதுத் தோல் முளைத்து நகர்ந்து வந்து மூடிவிடும். ஒன்றிரண்டு நாள் போதும். இத்தனை வருஷமும் என் கண் அப்படித்தான் ஆறியிருக்கிறது. வேலை செய்தது தோல், பேர் வாங்கிக்கொண்டது பால்.

"இந்தத் தடவை இரும்பு கீறி தோல் கிழிஞ்சிருக்கு. கதவு திறந்து கிடக்கிற வீடு மாதிரி. அந்த நேரத்துல எது உள்ள வந்தாலும் கெடுதல்தான். உள்ள வந்து புண் வெச்சிடுச்சு" என்றார்.

"பால்னாலதான் வந்துச்சாம்மா?" என்று மனைவி கேட்டாள். அவள் குரல் எழும்பவே இல்லை.

"அதச் சொல்ல முடியாதும்மா. கர்சீப்பா இருக்கலாம், எச்சிலா இருக்கலாம், கை அழுக்கா இருக்கலாம், பாலா இருக்கலாம். பால் குழந்தை வயித்துக்கு மருந்து. கிழிஞ்ச கண்ணுக்கு இல்ல."

எபிதீலியம் என்ற வார்த்தையை முதன்முதலில் அவர் வாயால்தான் கேட்டேன். கண்மேல் மட்டும் இல்லையாம். வாய்க்குள், மூச்சுக்குழாயில், குடலில், மூத்திரப் பையில் என்று உடம்பின் உள்பக்கம் முழுக்க அந்த ஜாதித் தோல்தான் போர்த்தியிருக்கிறதாம். பால் சுரப்பதும் அதே ஜாதிதானாம். அதைக் கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது. அங்கே சுரப்பதும் தோல், இங்கே கிழிந்ததும் தோல். ஒன்றின் நல்லது இன்னொன்றுக்குக் கெடுதலாகப் போயிருக்கலாம் என்றால் யாரை நொந்துகொள்வது?

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். புண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மணிக்கு ஒருதரம் சொட்டு மருந்து. பக்கத்துக் கட்டிலில் பொன்னேரிப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர். நெல் தூற்றும்போது உமி விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி நாக்கால் நக்கி எடுத்துவிட்டாளாம். அதற்கு அப்பால் ஒரு ஆள், அவருக்கு மனைவி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் பிழிந்து விட்டிருந்தாள். எங்களில் ஒருத்தரும் வேண்டாத ஆளிடம் வைத்தியம் செய்துகொள்ளவில்லை. எல்லாருக்கும் பிரியமானவர்கள்தான் செய்து விட்டிருந்தார்கள். அந்த வார்டில் இருந்த துக்கமே அதுதான் என்று எனக்குத் தோன்றியது. கோபப்படக்கூட ஆள் இல்லை.

சும்மா படுத்துக்கிடந்தால் புத்தி எங்கெங்கோ போகும். இறால் உரிக்கிற கம்பெனியில் இருந்து ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வருகிற எங்கள் சந்துப் பெண்களை நினைத்துக்கொண்டேன். என் தோஸ்து கன்னத்துக்குள் புகையிலையை அடக்கி அடக்கி, அந்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு படிந்திருப்பதை நினைத்துக்கொண்டேன். வலிக்கவில்லையே என்பான். டாக்டரம்மாவிடம் கேட்டபோது, வலிக்காமல் வெளுக்கிற தோலைத்தான் முதலில் காட்டவேண்டும், புற்று பெரும்பாலும் இந்த ஜாதித் தோலில்தான் பிடிக்கிறது என்றார். சாம்பலும் கரித்தூளும் பறக்கிற ஊரில் இருமிக்கொண்டே திரிகிறோமே, அந்த மூச்சுக்குழாய்த் தோலில் தூசியைப் பெருக்கித் தள்ளக் கண்ணுக்குத் தெரியாத மயிர் இருக்கிறதாம். நாமெல்லாம் முரட்டு ஆட்கள் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. எங்களைக் காப்பாற்றிக்கொண்டு வந்ததெல்லாம் ஏடு கனம்கூட இல்லாத ஒன்று என்று தெரிந்தபோது பயம் வந்துவிட்டது.

புண் ஆறியது. ஆனால் ஆறின இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்தது, சரியாகப் பார்வையின் நடுவில். பூ விழுந்துவிட்டது என்பார்களே, அதுதான். வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. இறந்தவர் தானம் கொடுத்த கருவிழி கிடைத்தால் மாற்றி வைக்கலாம் என்று பேரைப் பதிந்துகொண்டார்கள். "மாத்தி வெச்சாலும் மேல் தோல் உங்களுதுதான் வளர்ந்து மூடணும். அதனால இருக்கிறத பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

வீட்டுக்குத் திரும்பி வரும்போதே மனைவியிடம் சொல்லிவிட்டேன். கண் ஆறிவிட்டது என்றுதான் சந்தில் சொல்லவேண்டும். இரும்பு விழுந்தது, மருந்து போட்டார்கள், சரியாகிவிட்டது. பாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். பட்டறையில் மட்டும் மறைக்க முடியவில்லை. ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாது. ராடு வைக்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நெருப்பு பிடிக்கும், இல்லை தாண்டிப் போய்ப் பிடிக்கும். டம்ளரில் டீ ஊற்றினால் பாதி மேசைக்குப் போகும். முதலாளி நல்ல மனுஷர். பட்டையில் வெட்டவேண்டிய இடத்துக்குக் கோடு போட்டுக் கொடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். ஒட்டுப் போட்ட கை கோடு போட்டுக்கொண்டிருந்தது. அந்த வருத்தத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷ நோன்புக்கும் கஞ்சி வந்தது. ஆனால் "அண்ணி" என்று கூப்பிடும் குரல் வரவில்லை. தூக்கு வாசலில் இருந்தது, ஆள் இல்லை. குழந்தை வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தோஸ்து கண்ணீர் ஒழுக ஒழுக எங்கள் வாசலில் வந்து நின்றான். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"மாமு, ஆர்க் அட்சிடுச்சி. பேஜாரா கீது. எதிர் வூட்ல சொல்லி கொஞ்சம் பாலு வாங்கிக் குடு. எங்க குப்பத்துல இப்ப கைக்கொயந்த வூடே இல்ல."

சந்து முழுக்கக் கேட்கும் குரல் அவனுக்கு. எனக்கு அதைவிடப் பெரிய குரல். "பாலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! அந்தப் பேச்சே எடுக்காத. நேரா டாக்டராண்ட போ. போவசொல்ல உன் வாயில கீற அந்த வெள்ளையையும் சேத்துக் காட்டு" என்று கத்திவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா மாமு, நீ இத்தினி வருசமா வுட்டுகினதுதானே" என்றான். ஒரு ஆட்டோவைப் பிடித்து அவனை ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

மனைவி வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "உன் கத்தல்ல இடி விய. எதிர் வூட்டுப் பொண்ணு பாலாடையோட அங்கியே நின்னுகினு இருந்துச்சியா. உனக்கு வலக்கைப் பக்கமா. உன் தோஸ்து பாலு கேட்டது காதுல வியுந்து, நான் போய்க் கேக்கறதுக்கு முன்ன எட்த்தாந்துருக்குது. நீ கத்தனதும் கீய ஊத்திட்டு உள்ள பூட்ச்சி."

அவள் நின்றதை நான் பார்க்கவில்லை. என் வலது பக்கத்தில் ஒரு யானை நின்றால்கூட எனக்குத் தெரியாது. உடனே போய்ப் பேசவேண்டும் என்று வாசலுக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரியில் தொடர்ந்து விடச் சொல்லிக் கொடுத்த சொட்டு மருந்தின் நேரம் தப்பக்கூடாது என்று மனைவி கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். தலையை அண்ணாந்து, மருந்து வழிந்துவிடாமல் இரண்டு கண்ணையும் மூடி உட்கார்ந்திருந்தேன். அப்போது வலது பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது.

"ண்ணா."

அவள்தான். நான் தலையை அசைக்கவில்லை.

"கேக்கணும்னுதான் வந்தேன். என் பாலாலதான் உங்க கண்ணுக்கு அப்படி ஆச்சா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் அவள் மனசு ஆறும். ஆனால் நாளைக்கு வேறொருத்தி வந்து கதவைத் தட்டுவாள், இவள் இன்னும் அதிகப் பிரியத்தோடு கொடுப்பாள். ஆமாம் என்றால் அது பொய். அப்படித்தான் என்று டாக்டரே சொல்லவில்லை.

"தெரியலம்மா. டாக்டருக்கே தெரியல. இரும்பு கீறி கண்ணு மேல் தோலு கியிஞ்சிருந்துது. எது உள்ள போச்சின்னு யாரால சொல்ல முடியும்? ஆனா இனிமே யாரு வந்து கேட்டாலும் குடுக்காத. உன் புள்ளைக்குக் குடு. அதுக்குத்தான் அது."

பிறகு அவள் சொன்னாள்: "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து நீங்க என் மூஞ்சியப் பாக்கறதே இல்ல. காலைல வேலைக்குப் போறப்ப தினம் வாசல்ல நின்னு ண்ணா, ண்ணான்னு கூப்புட்டேன். ரோட்டு இரைச்சல்ல கேக்கலையோன்னு கையக்கூட ஆட்டினேன். தலையைக்கூடத் திருப்பாமப் போனீங்க. என்னப் பாத்தா வெறுப்பா இருக்குன்னு நெனச்சிக்கிட்டேன். அதான் கஞ்சியக்கூட வாசல்ல வெச்சிட்டு ஓடிடுவேன்."

வேலைக்குப் புறப்படும்போது அவள் வீடு எனக்கு வலது பக்கம். ரோட்டில் எப்போதும் கன்டெய்னர் வண்டிகளின் இரைச்சல். அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் இத்தனையும் மறைத்தேன். மறைத்ததே அவளைத் தினமும் வாசலில் நிற்கவைத்து அவமானப்படுத்தியிருக்கிறது.

"ஐயோ, அதில்லம்மா. எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணியுமே தெரியாது. பூ வியுந்துடுச்சி. நீ நின்னதே நான் பாக்கல."

போய்விட்டாளோ என்று நினைத்தேன். பிறகு வளையல் சத்தம் நாற்காலியின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. நான் இடது கண்ணைத் திறந்தேன். இடுப்பில் குழந்தையோடு அவள் என் இடது பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இங்க நின்னா தெரியுதா ண்ணா?" என்று கேட்டாள்.

"தெரிதும்மா" என்றேன். அவள் வந்ததில் இருந்து அழுதுகொண்டேதான் பேசியிருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன்.